பிள்ளையின் சம்மதம்

அமெரிக்காவின் டஸ்கீகிப் பகுதியில், 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 400 பேரிடம் உண்மையை மறைத்து ஆராய்ச்சி நடத்தப்பட்டது. பெனிசிலின் கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அது அளிக்கப்படவில்லை. இவ்வநீதி வெளிப்பட்டபின் அந்நாடு ஆராய்ச்சிக்கு அறநெறி வகுக்க முற்பட்டது. சிறுவரைப் பற்றிய 1983ஆம் ஆண்டு விதிகள் பெற்றோரின் அனுமதியையும் பிள்ளையின் இசைவையும் வேண்டின.

ஆனால், தன்பாலினத்தாரை நாடும் இளைஞனொருவன் பாலியல் நல ஆய்விற் சேரப் பெற்றோரிடம் கையொப்பம் கேட்பின், அவன் மறைத்தது வெளிப்பட்டு வீட்டையே இழக்க நேரிடலாம். அவனை விலக்கிவிட்டாலோ, அவன் போன்றோரின் பிணிகள் ஆராயப்படாமலே போகும். பெற்றோர் அனுமதி பிள்ளையைக் காக்க உதவாதவிடத்து, வேறு தக்க பாதுகாப்புடன் அதனைத் தவிர்க்க அவ்விதிகளே இடந்தருகின்றன. எவர் கையொப்பமிடினும், உண்மையறிந்து பிள்ளை தரும் சம்மதமின்றி ஆராய்ச்சி அறமாகாது.