மிதித்தால் யோசிக்கும் வண்டி

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குச் செல்லும் சாலை, ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்வரை பெரும்பாலும் சமவெளிதான். அதுவரை பிழையின்றி ஓடிய என் பழைய கார், சென்ற ஆண்டு கணவாய் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திகைத்து நின்று, பிறகே உந்திப் பாய்ந்தது. 'பிக்கப் இல்லை' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பட்டறைகளில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு: 'வண்டி யோசிக்குது.'

இந்த யோசனைக்கு மதுரையில் ஒரு வரலாறு இருக்கிறது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் வரலாறு எழுதிய நாம் பட்டறைக்கு எழுதவில்லை. அதனால் அது சிதறிக் கிடக்கிறது.

திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், வக்கீல் தொழிலையும் ரயில்வே, வங்கி வேலைகளையும் விட்டுவிட்டு, 1910களின் தொடக்கத்தில் மோட்டார் போக்குவரத்தில் இறங்கினார். மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த அவரது டி.வி.எஸ். நிறுவனம், பேருந்துகளை ஓட்டியதோடு அவற்றைப் பழுது பார்க்கும் கலையையும் இவ்வட்டாரத்தில் வேரூன்றச் செய்தது.

அக்கலைக்குப் பெருஞ்சோதனை இரண்டாம் உலகப்போரில் வந்தது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. 1942இல் பர்மா வீழ்ந்தபின் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. ஸ்வீடனும் ஜெர்மனியும் விறகிலிருந்தும் கரியிலிருந்தும் எடுத்த வாயுவால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. டி.வி.எஸ். தன் பங்குக்குக் 'கேஸ் பிளாண்ட்' எனப்பட்ட கரிவாயுக் கலனை உருவாக்கியது. பேருந்தோடு இணைத்த ஓர் உருளை அடுப்பில் அடுப்புக்கரி குறைந்த காற்றில் கனலும். அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு குளிர்ந்து, வடிகட்டிகளில் தூசி நீங்கி, எஞ்சினுக்குள் சென்று எரியும்.

'கரி பஸ்' ஓடியது. ஆனால் யோசித்து யோசித்தே ஓடியது. இவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியாத நைட்ரஜன். ஆகவே பெட்ரோலில் கிடைக்கும் வலிமையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அடுப்பு கனலும் வேகத்தை எஞ்சினின் உறிஞ்சலே தீர்மானிக்கிறது. மெதுவாக வந்த வண்டியில் கனல் தணிந்திருக்கும். ஓட்டுநர் திடீரென மிதித்தால், கனல் மீண்டும் ஏறி நல்ல வாயு வந்து சேரும்வரை எஞ்சின் காத்திருக்க வேண்டும். வடிகட்டியில் சாம்பல் அடைத்திருந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். எனவே ஓட்டுநர் ஏற்றம் வருமுன்பே வேகம் கூட்டிக் கனலை எழுப்பி வைத்துக்கொள்ளவும், காற்றின் அளவைக் கைப்பிடியால் திருத்திக்கொள்ளவும் கற்றார். பயணிகள் இறங்கி நடந்த கதைகளை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியது, கரிக்கலன்கள் கழன்றன. யோசனை மட்டும் கழலவில்லை. அம்பாசடர், ஃபியட் காலத்தில் அது கார்புரேட்டருக்குள் குடியேறியது. மிதித்தவுடன் காற்று பாய்ந்து உள்ளே நுழைந்துவிடுகிறது. பெட்ரோல் கனமானது, ஒரு நொடி பிந்துகிறது. அந்த நொடியில் கலவை நீர்த்துப்போய் எஞ்சின் திணறுகிறது. இதைச் சரிக்கட்டவே கார்புரேட்டருக்குள் ஒரு சிறு பம்ப் வைத்தார்கள். மிதிக்கும்போதெல்லாம் அது ஒரு பீச்சு பெட்ரோலைக் கூடுதலாகத் தரும்.

பழைய மெக்கானிக்கின் சோதனை இங்கேதான் தொடங்கும். எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்ப்பார். மெல்லிய கீற்றாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் பம்பின் சவ்வு கிழிந்திருக்கும்; இல்லையேல் ஜெட் அடைத்திருக்கும். பீச்சினால் குற்றம் வேறிடத்தில் என்று பொருள். அடுத்துப் பெட்ரோல் ஃபில்டர், பிளக், பாயிண்ட் இடைவெளி, டைமிங் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவார். எதையும் அவர் ஊகத்தால் மாற்றுவதில்லை.

2000க்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக, கார்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீச்சும் முறை பிடித்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் அது விடைபெற்றது. இப்போது காற்றை அளப்பது ஓர் உணரி. கணக்கிட்டுப் பெட்ரோல் தருவது ஒரு கணினி.

என் காரை அந்தக் கணினியோடு இணைத்துப் பார்த்த ஒரு பட்டறையில், திரையில் பிழை ஏதும் காட்டவில்லை. பிளக்குகளை மாற்றினார்கள், உணரி ஒன்றையும் மாற்றினார்கள். பணம்தான் போனது. கடைசியில் மதுரையின் ஒரு சந்துக்குள் எழுபதைக் கடந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டார். பிறகு ஒரு ரப்பர் குழாயின் வளைவை விரலால் அழுத்தினார். 'உஸ்' என்ற மெல்லிய ஒலி நின்றது. எஞ்சினின் ஓட்டம் சீரானது. குழாயில் மயிரிழை வெடிப்பு. உணரி அளக்காத காற்று அவ்வழியே உள்ளே போயிருக்கிறது. 'கேட்ட நேரத்துல காத்து முந்திக்கிச்சு, தம்பி, பெட்ரோல் பிந்திக்கிச்சு. எப்பவும் இதே கதைதான்' என்றார்.

கரி பஸ்ஸின் கதையும் கார்புரேட்டரின் கதையும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தன. ஆனால் அவர் அதை எங்கும் எழுதி வைத்ததில்லை. அவரிடம் தொழில் கற்க இன்று ஆளும் இல்லை. ஓலைச்சுவடி கறையானுக்கு இரையானது பற்றி வகுப்பில் ஆண்டுதோறும் வருந்திப் பேசுகிறேன். நம் கண்முன்னே ஒரு சுவடி ஸ்பேனர் பிடித்து நின்றுகொண்டிருப்பதை அன்றுதான் கண்டேன். அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மீண்டும் அவரிடம் போனேன். 'இதையெல்லாமா எழுதுவாங்க?' என்று சிரித்தார். ஆனால் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.