கடல்கோளும் கரையின் நினைவும்



திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கரையோரமாகச் செல்லும் பெருந்தெரு, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டையை நோக்கிச் செல்கின்றது. அவ்வழியிலே, வயலும் களப்பும் காடும் சூழ அமைந்த பழம்பதி திரியாய். அங்குள்ள குன்றின்மேல், கற்றூண் வரிசைகள் வட்டமாகச் சூழ்ந்த பழைய பௌத்த தூபி ஒன்று நிற்கின்றது. அதன் பக்கத்துப் பாறையிலே கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டுக்குரியதெனக் கொள்ளப்படும் வடமொழிக் கல்வெட்டு ஒன்று கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அத்தலத்தை எடுப்பித்தோர் வணிகர் என்று அது கூறுகின்றது. சிற்றூர் ஒன்றின் பாறையில் வணிகர் பெயர் நிற்பதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அருகே கடல் இருக்கின்றது.

அந்தக் கடல் இக்கரைக்கு வணிகரை மட்டும் கொண்டுவரவில்லை. அதன் அக்கரையில் சுமாத்திரா, யாவா முதலிய தீவுகள் உள்ளன. அங்கே நிலம் நடுங்கினாலும் மலை வெடித்தாலும் அதன் விளைவு சில மணி நேரத்தில் எம் வாயிலை வந்து தட்டும். 1883ஆம் ஆண்டிலும் 2004ஆம் ஆண்டிலும் அவ்வாறு நிகழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையே 121 ஆண்டுகள் கழிந்தன. முதலாவது நிகழ்ச்சி தந்த அறிவு இரண்டாவது நிகழ்ச்சியின்போது எங்கே போயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், அக்கரைக்கும் இக்கரைக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழினையும் நேயர்கள் அறிவீர்கள். இராவணன் கதையோடு தொடர்புபட்ட அவ்வெந்நீரைக் கண்டு, அடியில் எரிமலை உண்டோ என ஐயுறுவோர் உளர். அவ்வாறு ஒன்றும் இல்லை. நிலத்தின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர், அங்குள்ள வெப்பத்தினாற் சூடேறி மேலே வருகின்றது, அவ்வளவே. இலங்கை மிகப் பழைய, உறுதியான பாறையின்மேல் அமைந்த நாடு. இங்கே நிலநடுக்கம் அறவே இல்லையென்று கூற முடியாது. 1615ஆம் ஆண்டு ஏப்பிரலில் கொழும்பு நகரம் நடுங்கியதைப் போர்த்துக்கேயர் எழுதிவைத்துள்ளனர். எனினும் அத்தகையவை அரியன.

சுமாத்திராவின் நிலைமை வேறு. இந்து சமுத்திரத்தின் அடித்தளமாகிய புவித்தகடு ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் அளவு நகர்ந்து, அத்தீவுகளைத் தாங்கும் தகட்டின் கீழே புகுந்து செல்கின்றது. புகும் இடத்திலே இரண்டும் பல ஆண்டுகள் பற்றிக்கொண்டு நிற்கும். வில்லை வளைத்தாற்போல மேற்றகடு வளைந்து வளைந்து, ஒரு நாள் பிடி விட்டதும் துள்ளி எழும். அதுவே பெரும் நிலநடுக்கம். உள்ளே அமிழ்ந்த தகட்டினால் உருகும் பாறைக்குழம்பு மேலே வரும் இடங்களில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. சுமாத்திராவின் தோபா ஏரி அத்தகைய எரிமலையொன்று ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்ததால் உண்டான பள்ளமாகும். அதன் சாம்பல் இந்தியாவின் மண்ணிலும் படிந்து கிடக்கின்றது.

இனி 1883ஆம் ஆண்டுக்குச் செல்வோம். சுமாத்திராவுக்கும் யாவாவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையில் கிரக்கதோவா என்னும் எரிமலைத் தீவு இருந்தது. ஓகஸ்ட் 27ஆம் நாள் காலை 10 மணியளவில் அது பேரொலியோடு வெடித்துச் சிதறியது. அவ்வொலி 4,800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள உரொட்ரிகசுத் தீவில், தூரத்துப் பீரங்கி முழக்கம் போலக் கேட்டது. நீரிணையின் இரு கரைகளிலும் 30 மீற்றருக்கு மேலாக எழுந்த அலைகள் அஞ்சர், மேராக் முதலிய ஊர்களை அழித்தன. மாண்டோர் தொகை 36,000க்கு மேல்.

அன்று பிற்பகல் ஒன்றரை மணியளவில், ஏறக்குறைய 3,000 கிலோமீற்றருக்கு இப்பால், காலித் துறைமுகத்திலே கடல் திடீரெனப் பின்வாங்கியது. கட்டியிருந்த படகுகளும் தோணிகளும் சில நிமிடங்கள் தரைதட்டி நின்றன. அங்கு நின்ற கூலியாட்களும் வழிப்போக்கரும் துள்ளிக்கிடந்த மீனையும் இறாலையும் ஓடி ஓடிப் பொறுக்கினர். பின்னர் நீர் திரும்பியது. அன்று காலியில் வந்த அலை சிறிதாகையால், பொறுக்கியவர்கள் மீனோடு வீடு சேர்ந்தனர். ஆனால் தென்கிழக்குக் கரையிலே, பாணமைப் பக்கத்தில், பெண்ணொருத்தி நீரினால் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தாள். கிரக்கதோவாவினால் இறந்தோருள் அந்த எரிமலைக்கு மிகத் தொலைவில் இருந்தவள் அவளே என்று கருதுவர்.

அக்காலத்திலேயே கடலடித் தந்தி யாவாவையும் இந்தியாவையும் ஐரோப்பாவையும் இணைத்திருந்தது. இலங்கைப் பத்திரிகைகள் கடல் பின்வாங்கிய செய்தியை அச்சிட்டன. 1888ஆம் ஆண்டில் இலண்டன் அரச சங்கம் கிரக்கதோவா பற்றிப் பெரியதோர் அறிக்கையை வெளியிட்டது. இலங்கைக் கரையிற் கண்டவையும் அதில் இடம்பெற்றன. கிரக்கதோவா வெடிப்பதற்கு முன்னதாக, 1881ஆம் ஆண்டு டிசெம்பர் 31இல், நிக்கோபார்த் தீவருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலையையும் வங்கக்கடலோரத் துறைமுகங்களின் நீர்மட்டக் கருவிகள் வரைந்து வைத்திருந்தன. அவ்வலை சிறியது, ஆயினும் வடக்கே அந்தமான் வரையிலுள்ள நிலப்பிளவும் எமக்கு அலையனுப்ப வல்லது என்பதற்கு அது சான்று. ஆகவே, எழுத்திலே எல்லாம் இருந்தது. அறிஞர் அறிந்தனர். கரையில் மீன் பொறுக்கியவரின் பேரப்பிள்ளைகளோ அறியவில்லை.

கடல்கோள் என்ற சொல் தமிழுக்குப் புதியதன்று. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகின்றது. பழஞ்சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதாக இறையனார் களவியலுரை கூறுகின்றது. களனி நாட்டினுட் கடல் புகுந்ததை மகாவமிசம் கூறுகின்றது. இவற்றை நாம் போற்றினோம், பரீட்சைக்கும் படித்தோம். ஆனால் கடல் வரும்போது மனிதர் என்ன செய்தல் வேண்டும் என்பதை இக்கதைகள் எமக்குச் சொல்லவில்லை. நாமும் அவற்றிடம் கேட்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். இலங்கை நேரப்படி காலை 7 மணியாவதற்குச் சற்று முன், சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடி பிளந்தது. அளவு 9.1. பிளவு தொடங்கிய இடத்தில் நில்லாமல், ஏறக்குறைய பத்து நிமிடங்களில் நிக்கோபாரையும் அந்தமானையும் நோக்கி 1,200 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே ஓடியது. கடலடித் தரை பல மீற்றர் எழுந்தது. அதன்மேலிருந்த நீரும் எழுந்தது.

அந்நீர் எத்துணை விரைவில் வரும்? ஆழம் கூடக் கூட இவ்வலையின் வேகமும் கூடும். நாலாயிரம் மீற்றர் ஆழக்கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில், ஆகாய விமானம்போற் செல்லும். எனினும் நடுக்கடலில் அதன் உயரம் மிகக் குறைவு. கப்பலில் இருப்போர் உணரமாட்டார். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் தணிந்து உயரம் பெருகும். நடுக்கம் தொடங்கிய இடத்துக்கும் திருகோணமலைக்கும் இடையே ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர். அலை வந்துசேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நேயர்களே, இந்த இரண்டு மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஒரு கிழவியைக் கைப்பிடித்து நடத்திச் சென்றாலும், அலை எட்டாத இடத்துக்குச் சேர்ப்பதற்கு அந்நேரம் போதும். அவாய்த் தீவிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் நடுக்கம் நிகழ்ந்த பதினைந்து நிமிடங்களுக்குள் அதனை அறிந்துவிட்டது. ஆனால் இந்து சமுத்திர நாடுகளுக்குச் சொல்வதற்கான ஏற்பாடு அன்று இருக்கவில்லை. எமது வானொலிகளும் வழக்கமான நிகழ்ச்சிகளையே ஒலிபரப்பிக்கொண்டிருந்தன.

திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிண்ணியா வைத்தியசாலை அலையின் வாய்ப்பட்டது. இலங்கை முழுவதிலும் மாண்டோரும் காணாமற்போனோரும் 35,000 அளவினர். எல்லா நாடுகளிலும் இரண்டேகால் இலட்சத்துக்கு மேல். இவர்களுட் பலர் முதல் அலையில் மாளவில்லை என்பதே நெஞ்சை வருத்தும் செய்தி. முதல் அலை வடிந்தபின் உறவினரைத் தேடியும் பொருளை எடுக்கவும் திரும்பினர். கடல் வெகுதூரம் உள்வாங்கியதைப் புதுமையெனக் கண்டு கரையில் நின்றனர். அடுத்து வந்த பேரலை அவர்களைக் கொண்டது. தென்மேற்கே பெரலியவில் முதல் நீர் வந்ததும் நின்றுபோன புகைவண்டியை அரணென எண்ணி ஊரவரும் ஏறினர். பின்னர் வந்த அலை வண்டியையே புரட்டியது. அவ்வோரிடத்தில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இதே நாளில் வேறொரு தீவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். சுமாத்திராவுக்கு அண்மையில் சிமியூலு என்னும் தீவு உண்டு. நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகிலுள்ள நிலங்களுள் அதுவும் ஒன்று. அலை வர அங்கே பத்து நிமிடமளவே இருந்தது. அத்தீவில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். இறந்தவர் எழுவர் மட்டுமே. அவர்களிடம் கருவியும் இல்லை, தந்தியும் இல்லை. ஒரு சொல் இருந்தது. 1907ஆம் ஆண்டு பேரலையொன்றில் பலரை இழந்த அம்மக்கள், அதற்கு 'இஸ்மோங்' என்று பெயரிட்டுக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். நிலம் வலுவாக நடுங்கினால், கடல் உள்வாங்கினால், மீனைப் பாராதே, மலையேறு என்பதே அதன் பொருள். 97 ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் ஒரு தீவைக் காத்தது.

எனினும் சிமியூலுவின் பாடத்தை அப்படியே எடுத்து இங்கே கற்பித்தல் போதாது. அவர்களுக்கு முதல் அறிகுறி நிலத்தின் நடுக்கம். எமக்கோ நிலம் பெரும்பாலும் நடுங்காது, நடுங்குமிடம் தொலைவிலுள்ளது. கடல் முதலில் உள்வாங்கும் என்று காத்திருத்தலும் தவறு. 2004இல் கடலடி உயர்ந்த பக்கம் மேற்கே எம்மை நோக்கி இருந்தமையால், எமது கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது நீரேற்றமே. உள்வாங்கல் அதன் பின்னரே நிகழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருந்த தாய்லாந்திலோ கடல் முதலில் உள்வாங்கியது. ஆகவே எம் கரைக்குரிய பாடம் மூன்று வரியில் அடங்கும். கடல் காரணமின்றி ஏறினாலும் இறங்கினாலும் உடனே உள்நாடு நோக்கிச் செல்லுதல் வேண்டும். முதல் அலை சென்றபின் பல மணி நேரம் திரும்புதல் ஆகாது. அக்கரையில் பெருநடுக்கம் என்று வானொலி சொன்னால் கடலைப் பார்க்கப் போகாது, மேட்டைத் தேடிப் போதல் வேண்டும்.

2004க்குப் பின்னர் நல்ல ஏற்பாடுகள் பல நடந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் 2011 முதல் இந்து சமுத்திரம் முழுமைக்கும் எச்சரிக்கை வழங்குகின்றன. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தபோது, எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் இடம்பெயர்ந்தனர். கடலடித் தரை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்தமையால் அன்று பேரலை எழவில்லை. வீணாக ஓடினோமே என்று சிலர் நகைத்தனர். அது நகைக்கத்தக்கதன்று. ஓடிய நாள்களிற் பல வீணாகப் போனாற்றான், வீணாகாத ஒரு நாளில் ஓடும் பழக்கம் நமக்கு இருக்கும்.

எம் தீவின் மண்ணும் இதனையே சொல்கின்றது. அம்பாந்தோட்டையிலுள்ள கரகன் உப்பேரியில் ஆய்வாளர் துளையிட்டு எடுத்த மண்ணில், சேற்றுப் படைகளுக்கிடையே கடல்மணற் படைகள் காணப்பட்டன. சென்ற ஏழாயிரம் ஆண்டுகளிற் பலமுறை பேரலை அங்கே புகுந்ததற்கு அவை சான்று. மண் மறப்பதில்லை, மறப்பவர் நாமே.

இன்று எம் பாடசாலைகளில் அமர்ந்திருக்கும் மாணாக்கர் 2004ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஆழிப்பேரலை என்பது பெற்றோரின் துயரம். ஆண்டுக்கொரு நாள் ஏற்றும் விளக்கு. அவ்விளக்கு வேண்டியதே. ஆனால் இறந்தோரை நினைத்து அழும் பெற்றோர், அந்தக் காலையில் நீர் எப்படி வந்தது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி வந்தது, யார் எவ்வழியாற் சென்று பிழைத்தார் என்பவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். ஆசிரியர் புவியியற் பாடத்தோடு சேர்த்து, தம் ஊரின் மேட்டுநிலம் எது, அதற்குச் செல்லும் வழி எது என்று காட்டுதல் வேண்டும். திரியாயின் வணிகர் தம் பெயரைக் கல்லில் எழுதி ஆயிரத்திருநூறு ஆண்டுகள் நிலைக்கச் செய்தனர். அத்துணைக் காலம் வேண்டாம்; அடுத்த அலை வரும்வரை நிலைக்கும்படி ஒரு செய்தியை எம் பிள்ளைகளின் நாவில் எழுதிவைப்போமாக.