மின் நிலையத் திட்டங்களும் அயலவரின் அறியும் உரிமையும்: மாளிகாவத்தையை முன்வைத்து

ஒரு மின் திட்டத்தைப் பற்றி அயலில் வாழ்வோருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் கடமையை இலங்கையின் சுற்றாடல் சட்டம் மெகாவாற்றைக் கொண்டு அளக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1993 ஜூன் மாத வர்த்தமானி அத்திட்டங்களைப் பட்டியலிட்டது. 25 மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல்மின் நிலையம், 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், பத்துக் கிலோமீற்றரைத் தாண்டும் உயர் அழுத்த மேல்நிலைக் கம்பி வழி ஆகியன அதில் அடங்கும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டால் மும்மொழியிலும் அறிவித்தல் வெளிவரும். கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். அதைவிடச் சிறிய மதிப்பீடான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையின் அறிக்கைகளுக்கு இருந்த அதே 30 நாளை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அவ்வறிக்கை இப்போது பொது ஆவணம் மட்டுமே. விரும்பியவர் போய்ப் பார்க்கலாம். அப்படியொன்று இருப்பதே தெரியாதவர் எதைப் போய்ப் பார்ப்பார்?

மாளிகாவத்தை போன்ற இடத்தில் இந்த அளவுகோல் எதையும் பிடிப்பதில்லை. தொடர்மாடிகளும் தோட்டங்களும் முடுக்குகளும் நெருங்கிக் கிடக்கும் கொழும்பின் இப்பகுதியில் 25 மெகாவாற் நிலையமொன்றை எவரும் கட்டப்போவதில்லை. இங்கு வருபவை உப மின்நிலையமும் மின்மாற்றியும், வீதியைத் தோண்டிப் புதைக்கும் கேபிளும், புதிய அடுக்குமாடியின் மின்பிறப்பாக்கியுமே. மின்மாற்றியின் இரைச்சல் படுக்கையறை யன்னலுக்குக் கீழே இரவு முழுவதும் கேட்கும். மின்வெட்டு நேரத்தில் மின்பிறப்பாக்கியின் டீசல் புகை எதிர் மாடியின் நடைபாதைக்குள் புகுந்து, கொடியில் காயும் துணியில் படியும். இவை பெரும்பாலும் மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் வழங்கும் அனுமதிகளோடு முடிந்துவிடும் காரியங்கள். அனுமதி என்பது அடிப்படையில் விண்ணப்பதாரருக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட அலுவல். புகையைச் சுவாசிக்கப் போகிறவர் அங்கே மூன்றாம் ஆள்.

இந்த இடைவெளியை நீதிமன்றம் கவனிக்காமல் விடவில்லை. குணரத்ன எதிர் ஹோமாகம பிரதேச சபை வழக்கில் (1998) மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரு தொழிலை ஓரிடத்தில் அமைக்க இடம் கொடுக்குமுன் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் உள்ளூராட்சி மன்றமும் அப்பகுதி மக்களுக்கு அறிவித்து, அவர்களது ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்றது. சட்டத்தில் வெளிப்படையான ஏற்பாடு இல்லாவிடினும் அப்படித்தான் என்றது. உப மின்நிலையம் தொழிலல்ல, பொதுச் சேவை என்று வாதிடலாம். ஆனால் தீர்ப்பின் வலு தொழில் என்ற பெயரில் தங்கியிருக்கவில்லை. விளைவைச் சுமப்பவருக்குச் சொல்லாமல் முடிவெடுப்பது நியாயமாகாது என்பதே அதன் அடிப்படை.

அறிவித்தால் ஆட்சேபம் குவியும், வேலை தாமதிக்கும் என்ற கவலைக்கு வடக்கிலுள்ள சுன்னாகம் பதில் சொல்கிறது. அங்கு அனல்மின் நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில், அந்நிலையத்தை இயக்கிய நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 40,000 ரூபாய். கிணற்று நீரையே நம்பியிருந்த குடும்பத்துக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? கழிவு எண்ணெய் எங்கே போகும் என்ற கேள்வியை, இயந்திரம் வந்திறங்கும் முன்னரே ஊரார் முன்னிலையில் எழுப்ப இடமிருக்க வேண்டும். அதற்காகும் சில வாரத் தாமதம் பெரிதல்ல.

மொழியும் இங்கே தடையாகிறது. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி, உள்ளூராட்சி மன்றத்தின் அறிவித்தல்கள் அப்பகுதியின் நிருவாக மொழியில், ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவர வேண்டும். வடக்கு, கிழக்குக்கு வெளியே அந்த மொழி பொதுவாகச் சிங்களம். 22ஆம் உறுப்புரையின் கீழ் இருமொழிப் பிரிவாக ஒரு பகுதியை அறிவிக்க முடியும் என்றாலும், தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் செறிந்து வாழும் மாளிகாவத்தையில் தமிழ் அறிவித்தல் அத்தகைய பிரகடனத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அது பத்திரிகையின் உட்பக்கத்தோடு நின்றுவிடவும் கூடாது. தொடர்மாடியின் படிக்கட்டுச் சுவரிலும் பள்ளிவாசல் பலகையிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலக வாசலிலும் ஒட்டினால்தான் அது வாசிக்கப்படும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு திட்டங்களை மெகாவாற்றால் அன்றி ரூபாயால் அளக்கிறது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டும் திட்டமானால், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தகவல் தரும் கடமை பொறுப்பான அமைச்சருக்கு உண்டு. அரசின் உப மின்நிலையம் எதுவும் இந்தத் தொகைக்குள் அடங்காது. ஆகவே 1993 பட்டியல் தவறவிட்டதை இப்பிரிவு பிடிக்கிறது. தனியார் அடுக்குமாடியின் மின்பிறப்பாக்கிக்கு இது எட்டாது. அங்கேதான் மாநகர சபைக்கு வேலையிருக்கிறது. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் இன்றி இயங்கிய சபையிடம் இதை எடுத்துச் சொல்ல வட்டாரத்துக்கு ஆளிருக்கவில்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். துணைவிதி மூலமோ அனுமதி நிபந்தனை மூலமோ, அடுத்த சுவர்க்காரருக்கு எழுத்தில் அறிவித்த அத்தாட்சியை விண்ணப்பத்தோடு கேட்கலாம். அந்த அறிவித்தலில் இயந்திரத்தின் வலு, அது நிற்கும் இடம், புகைபோக்கியின் திசை, எரிபொருள் சேமிக்கும் இடம், ஆட்சேபத்துக்கான கடைசி நாள், ஆட்சேபத்தை ஏற்கும் அதிகாரியின் பதவியும் தொலைபேசி இலக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.