குழந்தை மொழிப்பேறு

யாரும் பாடம் நடத்தாமலே, தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழியைக் குழந்தை தனதாக்கிக்கொள்வது மொழிப்பேறு. இதை விளக்கும் கொள்கைகளில் பல ஆங்கிலக் குழந்தைகளின் பேச்சைக் கொண்டு எழுந்தவை. அவற்றை உரசிப் பார்க்கத் தமிழ்க் குழந்தைகளின் பேச்சும் உதவியிருக்கிறது.

முன்னோர் கவனிப்பு

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரையில் 'கீர்' என்பது சொல்லைக் குறிக்கும் எனக் கொண்டு, அதை மழலைப் பருவம் என்பாரும் உண்டு. இவ்வகையில் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் (12ஆம் நூற்றாண்டு).

கொள்கைகள்

கேட்டதைத் திருப்பிச் சொல்லியும் அதற்குப் பலன் பெற்றும் மொழி படிகிறது என்றார் உளவியலாளர் ஸ்கின்னர் (1957). கேட்டே இராத வாக்கியத்தையும் குழந்தை பேசுகிறதே என்று மறுத்த மொழியியலாளர் சாம்ஸ்கி (1959), இலக்கணத் திறன் பிறவியிலேயே அமைந்தது என்றார். அத்திறன் பருவமெய்துவதற்குள் பயன்பட வேண்டும் என்றார் லென்பெர்க் (1967). தாயும் சேயும் ஆடும் விளையாட்டே மொழிக்கு ஏணி என்றார் புரூனர் (1983).

தமிழ்ச் சான்றுகள்

கணினி அறிஞர் ஆர். நரசிம்மன், ஆர். வைத்தியநாதனுடன் இணைந்து, ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை 9ஆம் மாதம் முதல் 33ஆம் மாதம் வரை பதிவுசெய்தார். குழந்தைகளின் வினாக்களைப் பற்றி 1988இலும் எதிர்மறைகளைப் பற்றி 1991இலும் வைத்தியநாதன் எழுதினார். வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியாது என மறுப்பின் வகைக்கொரு சொல் தமிழில் உண்டு. எனவே குழந்தை எவ்வகையில் மறுக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும். காலமும் பாலும் காட்டும் வினை விகுதிகளைத் தமிழ்க் குழந்தைகள் இளவயதிலேயே பிழை அதிகமின்றிக் கையாளுவதைப் பரிமளா ராகவேந்திராவும் லெனர்டும் 1989இல் காட்டினர். தமிழைப் போல விகுதிகளை அடுக்கும் துருக்கி மொழியைப் பேசும் குழந்தைகளிடமும் இதுவே காணப்பட்டது. விகுதிகள் தெளிவாக ஒலித்தால், அவை எத்தனை இருந்தாலும் குழந்தைக்குச் சுமையில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

செங்கல்பட்டுப் பகுதி

'பழம்' என்பதைப் 'பயம்' என்னும் பேச்சு சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில் உண்டு. அதைக் கேட்டு வளரும் குழந்தை அப்படிச் சொல்வது மழலைப் பிழையன்று. வீட்டு மொழியைச் சரியாகப் பெற்றதற்கு அடையாளம். ழகரம் பள்ளியில் வந்து சேர்கிறது.

வீட்டு மொழியே காதில் விழாத குழந்தைக்கோ லென்பெர்க் சொன்ன காலவரம்பு நடைமுறைச் சிக்கலாகிறது. இதே வட்டாரத்தில், மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், பேச்சு, செவிப்புலப் பயிற்சியையும் சிறுவயதிலேயே தொடங்கும் இடையீட்டையும் அளிக்கிறது.