மதுரை வட்டார வற்றலும் ஊறுகாயும்: உப்பின் வழியே ஒரு வரலாறு

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் மாசி முதல் வைகாசி வரை காய்களை உப்பிலும் மோரிலும் ஊறவைத்தும் வெயிலில் உலர்த்தியும் சேமிக்கும் வழக்கம் உண்டு. உப்புநீரோடு சாடியில் கிடப்பது ஊறுகாய். நீர் வற்ற உலர்த்தப்படுவது வற்றல். மாவடு, எலுமிச்சை, நார்த்தங்காய் முதல் வகையைச் சேர்ந்தவை. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மிதுக்கங்காய், மோர்மிளகாய் இரண்டாம் வகை. மாங்காய் இரண்டு வகையிலும் இடம்பெறுகிறது.

இவற்றில் காய், மோர், வெயில் மூன்றும் ஊரிலேயே கிடைத்தன. உப்பு கடற்கரையிலிருந்து வர வேண்டியிருந்தது. அதை யார் கொண்டுவந்தார்கள், அதன்மீது யார் வரி விதித்தார்கள் என்பது இந்த எளிய வீட்டு உணவின் வரலாற்றில் பெரும்பகுதியாக அமைகிறது.

காலமும் தேவையும்

மதுரைச் சமவெளி வடகிழக்குப் பருவமழையையும் வைகை நீரையும் கண்மாய்களையும் நம்பிய நிலம். தை அறுவடைக்குப் பின் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் விளையும் காய்கள் சில வாரங்களுக்கு மலிவாகக் கிடைத்து, கோடை முற்றியதும் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது காய்கறி வரத்து மீண்டும் தடைப்படும். மலிந்த காலத்துக் காயை மழைக்காலத்துக்கு எடுத்துவைக்கும் ஏற்பாடே வற்றல். புளியும் வற்றலும் வீட்டில் இருந்தால் அன்றைய குழம்புக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

அழகர்மலை, நத்தம் பகுதி மாமரங்களில் உதிரும் பிஞ்சுகள் மாசி, பங்குனியில் மாவடுவாகச் சந்தைக்கு வரும். வற்றல் போடும் வேலை உச்சத்தை அடைவது சித்திரையில். அழகர் வைகையில் இறங்கும் திருவிழாவும் அதை ஒட்டிவரும் கத்திரி வெயிலும் இந்த நாட்களில்தான் வருகின்றன. கரிசல் நிலங்களில் தானாகப் படரும் மிதுக்கங்கொடியின் சிறு காய்களைப் பறித்து வற்றல் போடுவது மதுரைக்குத் தெற்கேயும் பரவலான வழக்கம். விலை கொடுக்காமல் கிடைத்த காய் என்பதால் ஏழை வீடுகளில் இதற்குத் தனி இடம் இருந்தது.

சங்க இலக்கியச் சான்று

ஊறுகாய் பற்றிய பழைய தமிழ்ச் சான்றுகளில் முக்கியமானது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை. இது பாண்டிய நாட்டைப் பற்றிய நூல் அன்று. காஞ்சியைச் சார்ந்த தொண்டை நாட்டைப் பற்றியது. எனினும் அக்காலத் தமிழர் உணவை அறிய உதவுகிறது. அந்தணர் இல்லத்தில் பாணர்க்குக் கிடைக்கும் உணவைச் சொல்லுமிடத்தில், மாவடுவைப் போட்டு ஊறவைத்த காடி இடம்பெறுகிறது. அதனோடு சொல்லப்படும் மாதுளங்காய்க் கறியில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்கின்றன.

அதே நூலில் உப்பு வணிகரான உமணரின் வண்டிகளும் வருகின்றன. குழந்தையுடன் இருக்கும் பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். அவளுடைய வண்டியில் காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. காடி என்ற சொல் புளித்த நீரையும் ஊறுகாயையும் குறிக்கும். கெடாத உணவை வழித்துணையாகக் கொண்டுதான் உமணர் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர் என்பது இதனால் தெரிகிறது. உப்பும் அது காக்கும் உணவும் ஒரே வண்டியில் சென்றன.

மிளகிலிருந்து மிளகாய்க்கு

இன்று ஊறுகாய் என்றதும் நினைவுக்கு வரும் சிவப்பு நிறம் பழையது அன்று. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, கோயில் திருவமுதுக்கான கறிவகைகளையும் அவற்றுக்குச் சேர்க்கும் காயத்தையும் பட்டியலிடுகிறது. அதில் மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி உள்ளன, மிளகாய் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்த பின், போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து பரவியது. மிளகைப் போல் காரம் தரும் காய் என்பதால் மிளகாய் எனப் பெயர் பெற்றது.

மலைநாட்டு மிளகை விலை கொடுத்து வாங்கிய வீடுகள், பின்னர் மிளகாயைத் தம் வறண்ட நிலத்திலேயே விளைவித்துக்கொள்ள முடிந்தது. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காரப்பொருள் உள்ளூருக்கு வந்துவிட்டது. உப்பு அவ்வாறு வரவில்லை.

உப்பு வரியும் ஊறுகாய்ச் சாடியும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி மலிவான உப்பெடுக்கும் தொழில் உள்நாட்டில் இருந்துவந்தது. அரசின் வருவாயைக் காக்க அதுவும் ஒடுக்கப்பட்டது. அத்தொழிலைச் செய்துவந்த உப்பிலியர் பலர் மண்வெட்டும் வேலைக்கு மாறினர்.

1882இல் இந்தியா முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே சீராக, மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. 1888இல் அது இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. ஒரு மணங்கு சுமார் 37 கிலோ. ஒரு ரூபாய் 16 அணா. ஆகவே ஒரு கிலோ உப்புக்கு வரி மட்டும் ஓரணாவுக்குச் சற்றுக் கூடுதல். பின்னர் வரி படிப்படியாகக் குறைந்தது. 1923இல் மீண்டும் இரட்டிப்பாக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாக மறு ஆண்டே குறைக்கப்பட்டது.

அன்றாடச் சமையலுக்கு உப்பு சிறிது சிறிதாகத்தான் செலவாகும். ஊறுகாய்க்கு அப்படியல்ல. எட்டுப் படி மாவடுவுக்கு ஒரு படி கல்லுப்பு என்பது வீடுகளில் வழங்கிய கணக்குகளுள் ஒன்று. உப்பைக் குறைத்தால் சாடி முழுவதும் பூசணம் பூக்கும். எனவே ஆண்டுக்கு வேண்டிய ஊறுகாயைப் போடும் வீடு ஒரே நேரத்தில் மிகுதியான உப்பை, வரியோடு சேர்த்து, வாங்க வேண்டியிருந்தது. காய் இலவசமாகக் கிடைத்தாலும் அதைக் காக்கும் பொருள் இலவசமாகக் கிடைக்கவில்லை. உப்பு வரி ஏழையைக் கூடுதலாக அழுத்தியது என்பதை அடுக்களைக் கணக்கிலேயே காணலாம்.

காந்தி 1930 மார்ச் 12 அன்று தண்டி யாத்திரையைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வேதாரண்யத்தை அடைந்தனர். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார். உப்பு வரி 1947இல் நீக்கப்பட்டது.

செய்முறையும் அதன் காரணமும்

மாவடுவைக் காம்புடன் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கடுகுப்பொடி சேர்த்துச் சாடியில் இட்டு வேடு கட்டுவர். தினமும் குலுக்கிவிட, சில நாட்களில் வடு தோல் சுருங்கி நீர் விடும். அந்த நீரே அதைக் காக்கும். உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுப்பதால், கெடுக்கும் நுண்ணுயிர்கள் வாழத் தேவையான ஈரம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

சுண்டைக்காயைத் தட்டியும் மிளகாயின் நுனியைக் கீறியும் உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவைப்பர். பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போடுவர். மோர் முழுவதும் காயில் ஏறும்வரை இது தொடரும். அதன்பின் கலகலவென்று ஒலி வரும்வரை உலர்த்தி எடுப்பர். மோரின் புளிப்பும் உப்பும் வெயிலும் சேர்ந்து காயைக் காக்கின்றன. சுண்டைக்காயின் கசப்பும் மட்டுப்படுகிறது. கொத்தவரையை உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்துவது வழக்கம்.

இந்த அளவுகள் நெடுங்காலம் வாய்வழியாகவே வந்தன. தாய் அல்லது மாமியார் கையளவே அளவு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. இத்தகைய வீட்டுச் சமையல் அச்சிட்ட அளவுகளோடு கூட்டுக்குடும்பத்துக்கு வெளியே வாழத் தொடங்கிய பெண்களுக்கும் எட்டியது.

நகர விரிவும் இன்றைய நிலையும்

மதுரையின் வடமேற்கிலுள்ள ஆனையூர் 2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வயலும் கண்மாயும் சூழ்ந்த ஊர்கள் குடியிருப்புகளாக மாறும்போது இந்த வழக்கமும் மாறுகிறது. களத்திலும் முற்றத்திலும் விரிக்கப்பட்ட பாய் மொட்டைமாடிக்குச் செல்கிறது. மாடி உரிமை இல்லாத வாடகை வீடுகளில் அதற்கும் இடமில்லை. வேலியோரச் சுண்டைச் செடியும் தானாகப் படரும் மிதுக்கங்கொடியும் மனைப்பிரிவுகளில் இல்லாமல் போகின்றன. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு, காக்கையை விரட்டி நான்கைந்து நாள் வெயில் பார்க்க நேரமும் இல்லை. இவ்வேலை கூலியில்லாமல் பெண்கள்மீதே சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே இம்மாற்றத்தை மதிப்பிட வேண்டும்.

அதே கைத்திறன் இப்போது விலை பெறவும் தொடங்கியுள்ளது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே தமிழ்நாடெங்கும் சுய உதவிக் குழுக்கள் பெருகின. வற்றலும் ஊறுகாயும் அக்குழுக்கள் விற்கும் பொருள்களில் இடம்பெறுகின்றன.

உப்பு இன்று மலிவான பொருள். ஒரு காலத்தில் எளிதாகக் கிடைத்த மிதுக்கங்காயும் சுண்டைக்காயும் நகரில் விலை கொடுத்துத் தேட வேண்டியவையாகிவிட்டன. உப்புக்காக ஏங்கிய வீடுகளில் காய் இருந்தது. உப்பு நிறைந்த இன்றைய வீடுகளில் அந்தக் காய்க்கும் அதை உலர்த்தும் வெயிலுக்கும் இடம் குறைந்துவருகிறது.