அனுப்பம்பட்டு எப்போ தாண்டுச்சு? வண்டி ஓட்டும்போது காணாமல்போகும் கவனம்!

சண்டே காலையில பழவேற்காட்டுக்கு பைக்கை எடுக்கிறீங்க. மீஞ்சூர் நல்லா ஞாபகம் இருக்கு. அடுத்து பார்த்தா பொன்னேரி! நடுவுல அனுப்பம்பட்டுன்னு ஓர் ஊர் வந்திருக்கணுமே? கண் திறந்துதான் இருந்துச்சு, கையும் ஹேண்டில்பார்லதான் இருந்துச்சு. கவனம் மட்டும் வேற எங்கேயோ.

பழகின ரோட்டில் இது இன்னும் அதிகம். இதற்கு நேர் எதிரானதுதான் மைண்ட்ஃபுல்னெஸ்: இப்போது நடப்பதை இப்போதே கவனிப்பது. அதை அளக்க பிரவுன், ரையான் என்ற உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட 15 கேள்விகளில் ஒன்று, நினைவே இல்லாமல் வண்டி ஓட்டிப்போவதைப் பற்றியது!

60 கி.மீ வேகத்தில் ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகிறீர்கள். மூணு நொடி யோசனையில் 50 மீட்டர் காலி. அதற்குள் ஐஸ் பெட்டி கட்டின மீன் வண்டி ஒன்று குறுக்கே திரும்பலாம்.

பிரான்ஸின் போர்டோ நகரில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 955 ஓட்டுநர்களிடம் எடுத்த ஆய்வு 2012-ல் வெளியானது. தீவிர யோசனையில் மூழ்கியிருந்தவர்களே அந்த விபத்துக்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றது அது. போனைத் தொடாமலேயே இந்தக் கதை.

'ப்ளூடூத்லதானே பேசுறேன்' என்கிறீர்களா? ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் 2001-ல் நடத்திய சோதனையில், போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிடுவது இரண்டு மடங்கு ஆனது. கையில் பிடித்தாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றாலும் வித்தியாசம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு கையில் இருக்கும் போனைத்தான் பிடிக்கும். காதில் ஓடும் சண்டையை யார் பிடிப்பது?

மெசேஜ் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்க மாணவர்களிடம் எடுத்த 2011 ஆய்வில், மைண்ட்ஃபுல்னெஸ் குறைந்தவர்களே வண்டி ஓட்டும்போது அதிகம் டைப் செய்தார்கள். மனசுக்குப் பிடிக்காத உணர்விலிருந்து தப்பிக்கத்தான் அவர்கள் போனை எடுத்தார்கள் என்று தெரிந்தது. அதாவது, கை போனைத் தேடும்போது உண்மையில் என்ன அரிக்குது, போரா, பதற்றமா, கோபமா என்று கவனித்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

மூச்சைக் கவனிக்கிறேன்னு ரோட்டை விட்டுடாதீங்க! இங்கே தியானப் பொருள் ரோடுதான். முன்னால் போகும் லாரியின் பிரேக் லைட், ஓரத்தில் நிற்கும் ஆட்டோ, மிரர் எனக் கண்ணை நகர்த்திக்கொண்டே இருங்கள். மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவாருங்கள், நூறு தடவை ஆனாலும். ஹேண்டில்பார் ஹோல்டரில் இருக்கும் போனில் மேப் மட்டும் ஓடட்டும். நோட்டிஃபிகேஷனைக் கிளம்பும் முன்பே அணைத்துவிடுங்கள். ஃப்ளமிங்கோவைப் பார்த்தால்? ஓரம் கட்டி, ஸ்டாண்ட் போட்டுட்டு ரசிங்க.