ஆர்எக்ஸ் 100 வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க... முதல்ல இன்ஜினைத் தொட்டுப் பாருங்க!

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஒரு ஆர்எக்ஸ் 100 தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இறக்கிய 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி இது. 1996-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் மவுசு மட்டும் குறையவில்லை. நன்றாக இருக்கும் வண்டிக்கு லட்சத்தைத் தாண்டியும் விலை சொல்கிறார்கள்.

சிக்கலும் இங்கேதான். இன்று கைமாறும் ஆர்எக்ஸ் 100 ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 வயது தாண்டியது. புது பெயின்ட், புது ஸ்டிக்கர், பளபள சைலன்சர் எல்லாம் சில ஆயிரத்தில் முடிகிற வேலை. உள்ளே கிராங்க் போயிருந்தால் அந்தச் செலவு வாங்கியவர் தலையில்தான்.

சூடா இருந்தா திரும்பி வந்துடுங்க

வண்டி பார்க்கப் போனதும் சாவியைக் கேட்காமல் இன்ஜினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேய்ந்த இன்ஜின் சூட்டில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும், காலையில் மானத்தை வாங்கும். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம்.

ஆறிய இன்ஜினில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினால் பிஸ்டன், ரிங் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை போர் செய்தது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு ரீபோருக்கும் பிஸ்டன் 0.25 மி.மீ அளவில் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசி சைஸ் வரை வந்த சிலிண்டரில் அடுத்து செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலும் சேர்ந்தே எரிகிறது, ஸ்டார்ட் செய்ததும் புகை வரத்தான் செய்யும். சூடேறிய பிறகும் தெருவையே மறைக்கிற மாதிரி வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால்தான் விவகாரம். கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் கிழிந்தால், கியர் பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உள்ளே இழுத்து எரிக்கும். மறுபக்கம், அதாவது மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்து மெதுவாக இறங்குகிறதா? பிளக்கைக் கழற்றினால் காபி நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கிறதா? அந்த வண்டி என்றைக்காவது ஹைவேயில் பிஸ்டன் ஜாம் ஆகி, பின் சக்கரம் பூட்டி உங்களைத் தள்ளிவிடலாம். விற்பவர் சம்மதித்தால் மெக்கானிக்கை வைத்து மேக்னெட் கவரைக் கழற்றி, மேக்னெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் அவுட்.

ஒரு கேள்வியை மட்டும் மறக்கவே கூடாது: ஆயில் பம்ப் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா? ஆர்எக்ஸ் 100-ல் ஆயில் தனி டேங்கில் இருந்து பம்ப் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். பலர் அதை நீக்கிவிட்டு பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிறார்கள். இது தெரியாமல் வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், வாங்கிய அன்றே இன்ஜின் காலி.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

வடசென்னையில் வாங்குபவர்கள் இதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி சுற்றுவட்டாரம் தண்ணீரில் நின்றது. எண்ணூரில் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறைக்குள் தண்ணீர் புகுந்து தேங்கினால் பேரிங் துருப்பிடித்துவிடும். மேலே பெயின்ட் அடித்தாலும் ஹெட்லைட் டூமுக்குள் சேற்றுப் படிவு, ஒயர் சாக்கெட்டில் பச்சைப் பூஞ்சணம், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் எல்லாம் உண்மையைச் சொல்லிவிடும். கடற்காற்றுக்கு சேஸின் வெல்டிங் இணைப்புகளும் டேங்கின் அடிப்பாகமும்தான் முதலில் அரிக்கும். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம்பர் முக்கியம் பாஸ்

இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் இரும்பு. ஹேண்டில் பாருக்குக் கீழே சேஸில் இருக்கும் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சி புக்கோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், தேய்த்து அழித்து மறுபடி குத்திய எண்கள் கோணல்மாணலாகத் தெரியும். ஆர்எக்ஸ் 100 இன்ஜின் எண் 1எல்1 என்று தொடங்கும். கியரையும் எண்ணிப் பாருங்கள், ஆர்எக்ஸ் 100-க்கு நாலுதான். ஐந்து விழுந்தால் உள்ளே இருப்பது வேறு வண்டியின் சாமான். ‘மேட் இன் ஜப்பான்’ எழுத்துக்காகக் கூடுதல் விலை கேட்டால் இன்னும் உஷாராக இருப்பது நல்லது. அந்த எழுத்துக்குக் கிராக்கி இருப்பதால் போலியும் உண்டு.

பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக வந்த 1996 வண்டிக்கே 2011-ல் முதல் கெடு முடிந்துவிட்டது. 20 வயது தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2,000 ரூபாய் ஆக்கியிருக்கிறது, பசுமை வரி தனி. இதையெல்லாம் விலையில் கழித்துப் பேசுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் விவரம் வரவில்லை என்றால், பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் அன்றே 29, 30 படிவங்களில் ஆர்சி-யில் பெயர் இருப்பவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அவரிடம் வாங்கி மூன்றாவது கையாக விற்பவரின் கையெழுத்து செல்லாது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனர் இறந்துவிட்டார் என்றால் வாரிசு ஆவணங்களும் தேவை. ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், தம்பி’ என்று சொல்பவரிடம், பாக்கிப் பணத்தையும் அப்புறமே கொடுத்துக்கொள்ளலாம்.